ஊறுகாய்க்கு இடமில்லாத தட்டு

அந்தக் கைகள் கண்ணாடியை ஈரத்துணியால் ஒரு முறையும் உலர்ந்த துணியால் இரண்டு முறையும் துடைத்தன. அதன்மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, தகரத்தை வளைத்துச் செய்த அச்சை உள்ளே இறக்கி, ஏதாவது ஒரு மூலை தூக்கி நிற்கிறதா என்று கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தன. பிறகு சாயம் கலந்த சிமெண்டுக் கரைசலை நீண்ட கரண்டியில் மொண்டு அறை அறையாக ஊற்றின. பச்சை அரைக் கரண்டி. மஞ்சள் ஒரு கரண்டி. வெள்ளை மூன்று கரண்டி. கடைசியாக, சுண்டுவிரல் நுனியால் சிவப்பைத் தொட்டு வெள்ளைக்குப் பக்கத்தில் ஒரு பொட்டு. அது ஊறுகாய்.

கைகளுக்கு உரியவர் அரசப்பன். வயது நாற்பத்தொன்பது. ஆத்தங்குடியில் தரைக்கல் போட ஆரம்பித்து இருபத்தாறு ஆண்டுகள் ஆகின்றன. இத்தனை ஆண்டுகளில் அவர் போட்ட கல் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. காரைக்குடிக்குப் போனதும் வரவில்லை, கோயம்புத்தூருக்குப் போனதும் வரவில்லை. யாரிடம் பேசினாலும் இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேசுவார். அவ்வளவு கனத்தை யார் திருப்பித் தூக்கி வருவார்கள் என்று அவர் மனைவி மீனாம்பிகை கேட்பதுண்டு. அந்தக் கேள்வி அவர் காதில் விழுந்ததில்லை.

இந்த முறை கல் கேட்டவர் கிராம சுகாதார செவிலியர் லத்தீபா. துணை சுகாதார நிலையத்துச் சுவரில் பதிக்க இரண்டு கற்கள் வேண்டும். ஒன்றில் சாப்பாட்டுத் தட்டு: பாதித் தட்டு காய்கறியும் கீரையும், கால் தட்டு சோறு, கால் தட்டு பருப்போ முட்டையோ மீனோ. இன்னொன்றில் ஒரு வரி: ‘காய்ச்சலா, வீட்டில் இருங்கள்.’ ஃப்ளூ பரவும் மாதம். மூன்று வாரம் கழித்து வரும் புதன்கிழமை கர்ப்பிணிகளுக்குத் தடுப்பூசி முகாம் இருந்தது. வருகிறவர்கள் கண்ணில் அது படவேண்டும்.

தாளில் அளவெல்லாம் போட்டுத்தான் கொடுத்திருந்தார். அரசப்பன் அதை வாங்கிப் பார்த்து, படித்த பிள்ளை எங்கோ தப்பு விட்டிருக்கிறது என்று முடிவு செய்து, தாமே திருத்திக்கொண்டார்.

திங்கட்கிழமை பட்டறைக்கு வந்த லத்தீபா கல்லைக் குனிந்து பார்த்தார். தட்டில் சோறு மலைபோல் இருந்தது. கீரை அதன் அடிவாரத்தில் ஒரு வாய்க்கால் வரப்பாக ஓடியது. பக்கத்தில் உருளைக்கிழங்கு வறுவல், அப்பளம், அந்தச் சிவப்புப் பொட்டு. காய்கறி எங்கே என்று கேட்டார். அரசப்பன் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். உருளைக்கிழங்கு காய்க்கடையில்தான் விற்கிறது. அப்பளம் உளுந்தில் செய்தது, உளுந்து செடியில் காய்ப்பது. சிவப்புப் பொட்டுக்கு வந்தபோது அவர் குரலில் தனித் தெம்பு ஏறியது.

“ஊறுகாயும் காய்தானே சிஸ்டர். பேர்லயே இருக்குல்ல.”

“பேர்ல இருந்தாப் போதும்னா காய்ச்சல்லயும் காய் இருக்குண்ணே. அதையும் ஒரு கரண்டி ஊத்தியிருக்கலாம்ல.”

கல்லை அங்கேயே வைத்துவிட்டுப் போனார். இருபத்தாறு ஆண்டுகளில் முதல் கல், பட்டறை வாசலைத் தாண்டாமலே திரும்பியது. அரசப்பன் அதைத் துணி போட்டு மூடி வைத்தார்.

சனிக்கிழமைக்குள் புதுத் தட்டு தயாரானது. இந்தத் தடவை அடிக்கோல் வைத்து அளந்திருந்தார். பாதி பச்சை, அதற்குள் கேரட்டுக்கும் பூசணிக்கும் நிறம் பிரித்து, கால் வெள்ளை, கால் மஞ்சள். லத்தீபா முகம் மலர்ந்தது. எழுத்துக் கல்லைத் திருப்பியதும் மறுபடி வாடியது.

ஆத்தங்குடிக் கல்லுக்கு முகம் கண்ணாடிப் பக்கம். சாயத்தை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு இறுக்கி, தண்ணீரில் மூன்று நாள் ஊறவைத்துக் கண்ணாடியை எடுத்தால்தான் முகம் தெரியும். இடது வலதாகும், வலது இடதாகும். பூவுக்கும் நட்சத்திரத்துக்கும் எல்லாப் பக்கமும் ஒன்றே. இடம் மாறிவிட்டதாக எந்தப் பூவும் இதுவரை அரசப்பனிடம் கோபித்துக்கொண்டதில்லை. அவர் எழுத்துப் போட்டது இதுதான் முதல் தடவை. வரி பின்னாலிருந்து முன்னால் ஓடியது. கொம்புகளெல்லாம் எதிர்ப்பக்கம் பார்த்து நின்றன.

“எனக்காக அரபி மாதிரி வலமிருந்து இடமா எழுதிட்டீகளாண்ணே?” என்றார் லத்தீபா.

பக்கத்தில் கல் போட்டுக்கொண்டிருந்த கருத்தையா சிரித்தார். சிரிப்பு இருமலானது. உள்ளங்கையில் இருமி, அதே கையால் தேநீர் டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்து, மீதியை அரசப்பனிடம் நீட்டினார். அரசப்பன் துக்கத்தில் இருந்தார், வாங்கிக் குடித்துவிட்டார். லத்தீபா வேண்டாம் என்பதற்குள் டம்ளர் காலி. இருமலைக் கையில் பிடிக்கக்கூடாது, முழங்கையை மடக்கி அதற்குள் இருமவேண்டும், டம்ளரைப் பங்கு போடக்கூடாது என்று அவர் சொல்ல, இது சாதாச் சளி என்று கருத்தையா சான்றிதழ் கொடுத்தார்.

தட்டுக் கல்லை மட்டும் லத்தீபா எடுத்துக்கொண்டார். போகும்போது சொன்னதுதான் அரசப்பனைக் கொன்றது.

“எழுத்துக்கு முகாம் வரைக்கும் பாக்குறேன். ஆகலைன்னா காரைக்குடியில ஒரு பிளெக்ஸ் அடிச்சு மாட்டிக்கிறேண்ணே.”

அரசப்பன் போட்ட தட்டுக்குக் கீழே பிளெக்ஸ். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அவர் அதையே நினைத்துக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை காலை எழுந்தபோது மேலெல்லாம் அடித்துப்போட்டாற்போல் வலித்தது, உடம்பு கொதித்தது. அப்படியே சட்டையை மாட்டிக்கொண்டு பட்டறைக்குக் கிளம்பினார். மீனாம்பிகை வாசலை மறித்தாள்.

“எங்குட்டுக் கிளம்பிட்டீக?”

கல் போட என்றார். என்ன கல் என்றாள். காய்ச்சல் வந்தால் வீட்டில் இருக்கச் சொல்லும் கல் என்று அவர் சொல்லவேண்டியிருந்தது. சொல்லிவிட்டு அவரே போய்ப் படுத்துக்கொண்டார்.

லத்தீபா முகக்கவசத்தோடு வந்து பார்த்தார். ஒரு ஊசி போட்டுவிட்டால் மத்தியானமே எழுந்துவிடுவேன் என்று அரசப்பன் கெஞ்சினார். இது வைரஸ் காய்ச்சல், ஆன்டிபயாடிக் ஊசிக்கு அடங்காது. ஓய்வு, நிறையத் தண்ணீர், கஞ்சி, உடம்பு வலிக்குப் பாராசிட்டமால், ஜன்னலைத் திறந்து வைப்பது, தனித் துண்டு, தனி டம்ளர் என்று வரிசையாகச் சொன்னார். மூச்சுத் திணறினாலோ நெஞ்சு வலித்தாலோ காய்ச்சல் விட்டுத் திரும்ப வந்தாலோ உடனே ஆஸ்பத்திரி. மாத்திரை போடாமலே ஒரு நாள் முழுக்கக் காய்ச்சல் இல்லாமல் இருந்தால்தான் பட்டறை. அரசப்பன் விரல் விட்டுப் பார்த்தார். தண்ணீரில் மூன்று நாள், காய ஒரு நாள். வெள்ளிக்கிழமை கரண்டியைத் தொட்டால்தான் பிளெக்ஸைத் தடுக்கலாம்.

இந்த ஒரு பயத்தில்தான் அவர் வாழ்க்கையில் முதல் முறையாகப் புடலங்காயைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கஞ்சி இறங்கத் தொடங்கியதும் மீனாம்பிகை அவர் கல்லில் ஊற்றிய அளவிலேயே தட்டில் பரிமாறினாள். பாதி காய், கால் சோறு, ஒரு முட்டை. மூக்கடைப்பில் எதுவும் ருசிக்கவில்லை. அதுவே வசதியாகப் போயிற்று.

புதன்கிழமை கருத்தையா வீடியோவில் கூப்பிட்டார். சாதாச் சளிக்காரரும் மூன்று நாளாகப் படுக்கையில்தான் இருந்தார். யார் வீட்டில் கசப்பு அதிகம் என்று இருவரும் ஒப்பிட்டுக்கொண்டார்கள். கருத்தையா வீட்டில் பாகற்காய். பேச்சு எழுத்துக் கல்லுக்கு வந்தது. அரசப்பன் வரியைத் தாளில் பெரிதாக எழுதி, செல்போனுக்கு முன்னால் பிடித்து, இதில் என்ன குறை என்று கேட்டார். நேராகத்தானே இருக்கிறது என்றார் கருத்தையா. அரசப்பன் திரையை உற்றுப் பார்த்தார். அவருடைய செல்போனின் மூலையில், அவர் முகம் தெரியும் சின்னக் கட்டத்தில், அந்த வரி திரும்பி நின்றது. கண்ணாடிமேல் எப்படி எழுதவேண்டுமோ அப்படியே. அதை ஒரு எழுத்து விடாமல் பார்த்து அச்செடுத்தாற்போல் வரைந்து முடித்து, மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

“தாளைத் திருப்பி வெளிச்சத்துல பிடிச்சாலே தெரியுமே,” என்றாள் மீனாம்பிகை.

காய்ச்சல்காரனிடம் இவ்வளவு யோசனை எதிர்பார்க்கக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போர்த்திக்கொண்டார்.

வியாழக்கிழமை முழுவதும் காய்ச்சல் இல்லை, மாத்திரையும் இல்லை. வெள்ளிக்கிழமை பட்டறையில் தனியாக உட்கார்ந்து, திரும்பிய எழுத்தை மெல்லிய தூரிகையால் கண்ணாடியில் தீட்டி, பின்னால் வெள்ளையை ஊற்றினார். நடுவில் ஒரு தும்மல் வந்தது. தூரிகையைக் கீழே வைத்து, கண்ணாடிக்கு முதுகைக் காட்டி, முழங்கைக்குள் தும்மிவிட்டுக் கை கழுவி வந்து, விட்ட புள்ளியிலிருந்து தொடர்ந்தார்.

முகாம் அன்று காலை எட்டு மணிக்குக் கல்லைச் சாக்கில் சுற்றிக்கொண்டு சுகாதார நிலையத்துக்குப் போனார். லத்தீபா தடுப்பூசிப் பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு வந்து இரண்டு கைகளாலும் கல்லைப் பிடித்தார். அரசப்பன் தன் பிடியை விடவில்லை. முதலில் படிக்கச் சொன்னார். அவர் இடமிருந்து வலமாக வாய்விட்டுப் படித்தார். இன்னொரு முறை என்றார் அரசப்பன். மறுபடியும் படித்தார்.

“சரியா இருக்குண்ணே. விடுங்க.”

அரசப்பன் கையை விட்டார்.