தண்ணீரைப் படித்தவர்

சூளகிரி தாண்டி, எங்கள் வீட்டு வாசலில்தான் அவருடைய கார் பஞ்சர் ஆனது. ஓசூரில் ஒரு கல்லூரியில் பேசிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த பேராசிரியர். ஒடிசலான உருவம். எதைக் கையில் எடுத்தாலும், கழற்றிய மூக்குக்கண்ணாடியைக்கூட, வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்ப்பார்.

“என்ன பாடம் சார் எடுக்கறீங்க?” என்று என் மாமனார் கேட்டார்.

“தண்ணி எந்தெந்த ஒளிய விழுங்குதுன்னு பாக்கறதுங்க. வேலைக்குச் சேந்ததுல இருந்து அது ஒண்ணுதான்.”

மாமனார் உள்ளே ஓடி, கண்ணாடி டம்ளரில் எங்கள் போர்வெல் தண்ணீர் கொண்டுவந்தார். பக்கத்தில் கம்பெனிகள் வந்த பிறகு, கழிவு கலந்திருக்குமோ என்று பயந்துபோய் நாங்கள் கேன் தண்ணீர்தான் குடித்துவந்தோம். “இதக் குடிக்கலாமா, பாத்துச் சொல்லுங்க சார்.”

அவர் டம்ளரை வெயிலில் தூக்கி வெகுநேரம் பார்த்தார். “எனக்குத் தெரியாதுங்க. நான் பாத்ததெல்லாம் ஆவியில ஒண்டியாத் திரியற மூலக்கூறு. இது வேற.”

“இதுவும் தண்ணிதானே சார்?”

“தண்ணிதான்” என்றார், குழம்பிய முகத்தோடு.

“டயர் மாட்டியாச்சு சார்” என்று டிரைவர் கூப்பிட்டார். பேராசிரியர் டம்ளர் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

“படிச்சவரே குடிச்சிட்டாரு!” மாமனார் அன்றே கேனை நிறுத்தச் சொல்லிவிட்டார்.

பேராசிரியருக்குத் தாகமாக இருந்திருக்கலாம், மறந்துபோய்க் குடித்திருக்கலாம். எனக்கு விளங்கவில்லை. மகளுக்கு ஊற்றும்போதெல்லாம் டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறேன். எனக்குத் தண்ணீர்தான் தெரிகிறது.