பெரியம்மா பதினேழில் நின்றுவிட்டார்

எங்கள் ஊராட்சித் தலைவர் பதவியைப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள் என்ற செய்தி வந்த அன்று பெரியப்பா சாப்பிடவில்லை. மறுநாள் நன்றாகவே சாப்பிட்டார். பெரியம்மாவை நிற்க வைத்துவிட்டுக் காரியத்தைத் தான் பார்த்துக்கொள்ளலாம் என்ற யோசனை அதற்குள் வந்திருந்தது. கருமத்தம்பட்டிப் பக்கம் அந்த வருஷம் பல வீடுகளில் இதே யோசனைதான். பெரியம்மா ஜெயித்தார். டீக்கடையில் பெரியப்பாவைத் 'தலைவரே' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். பதவியேற்புக்கென்று அவர் காந்திபுரம் போய் வேட்டி சட்டை எடுத்து வந்தார், தனக்கு.

அன்றைக்குப் படிக்க வேண்டிய உறுதிமொழியைப் பெரியம்மாவிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். இந்திய அரசியல் சட்டத்தை உண்மையாக நம்புவேன் என்று ஆண்டவன் பெயரால் சொல்ல வேண்டும்.

"ஏனுங்க, அந்தப் புஸ்தகத்துல என்ன எழுதியிருக்குதுன்னு பாக்காம எப்படிங்க சத்தியம் பண்றது?" என்று கேட்டார் பெரியம்மா.

பெரியப்பா சிரித்தார். அவர் சிரித்திருக்கக் கூடாது. சென்னிமலை முருகனிடம் தயிரை விடுவதாக ஒருமுறை வேண்டிக்கொண்டவர் பெரியம்மா. அதற்கப்புறம் மோர்க்குழம்பைக்கூடத் தொட்டதில்லை.

கோயமுத்தூரில் சட்டம் படித்துக்கொண்டிருந்த பெரியம்மாவின் தம்பி, எனக்கு மாமா, தமிழில் அச்சான தடிப் புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். எட்டாவதோடு படிப்பை நிறுத்திய பெரியம்மா சாயங்காலமானால் ஆசாரத்தில், வீட்டு முன்கூடத்தில், உட்கார்ந்து அதை உரக்கப் படிப்பார். பக்கத்தில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டே கதை எப்போது வரும் என்று நான் காத்திருந்தேன்.

அவருக்கு மட்டும் முதல் வரியிலேயே கதை வந்துவிட்டது. "நாங்கன்னு போடல பாரு கண்ணு, நாமன்னு போட்டிருக்காங்க. படிக்கறவங்களையும் சேத்திக்கிட்டாங்க" என்றார். முகப்புரை முழுதும் ஒரே வாக்கியமாக ஓடுவதைப் பார்த்து, எழுதியவர்கள் மூச்சே விடவில்லையா என்று ஆச்சரியப்பட்டார். உரிமையைக் கொடுத்துவிட்டு உடனே 'ஆயினும்' என்று இழுக்கிற இடங்களில் அவருக்குச் சிரிப்புத் தாங்காது. மாமியார் சாவிக்கொத்தைக் கொடுத்துவிட்டுப் பின்னாலேயே வருகிற மாதிரி இருக்கிறதாம்.

பதினேழாவது பிரிவில் நின்றுவிட்டார். தீண்டாமை ஒழிக்கப்பட்டது, எந்த வடிவத்திலும் அதைக் கடைப்பிடிக்கக் கூடாது, மீறினால் குற்றம். அவ்வளவுதான்.

"இதுல ஆயினும் இல்லியே" என்றார். பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். அங்கேயும் இல்லை. புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, தன்னால் சத்தியம் பண்ண முடியாது என்று சொல்லிவிட்டார்.

எங்கள் மாட்டுக் கொட்டகையில் சாணி வழித்துப் பால் கறக்க ஓர் அம்மா வருவார். பெரியம்மா வயதுதான். அவருக்குக் காப்பி கொடுக்கவென்றே ஓர் அலுமினியத் தம்ளர் கொட்டகைச் சுவரில் செருகியிருக்கும். அவரே அதை எடுத்து நீட்டுவார். பெரியம்மா அந்தத் தம்ளரில் படாமல் உயரத்திலிருந்து ஊற்றுவார். குடித்துவிட்டு அவரே கழுவிச் செருகிவிட்டுப் போவார். வீட்டுப் படி ஏறியதில்லை.

பதவியேற்காவிட்டால் பதவி போய்விடும். "அதெல்லாம் ஒரு பேச்சுக்குப் படிக்கறது அம்மணி, எல்லாருந்தான் படிக்கறாங்க" என்று பெரியப்பா கெஞ்சிப் பார்த்தார், அதட்டிப் பார்த்தார். சட்டத்தைச் சட்டமாகப் படிக்க வேண்டும், கதையாகப் படிக்கக் கூடாது என்று மாமாவும் வந்து எடுத்துச் சொன்னார். "வெறுங்கதைன்னா படிச்சுப்போட்டு நல்லாத் தூங்கிருப்பனே" என்றார் பெரியம்மா. எனக்கோ ஒரே பயம். பெரியம்மா தலைவராகிவிட்டார் என்று பள்ளிக்கூடம் பூராவும் பீற்றிக்கொண்டிருந்தேன்.

பதவியேற்பு நாள் காலையில் வாசலில் கார் வந்து நின்றது. பெரியப்பா புது வேட்டியில் தயாராக இருந்தார். பெரியம்மா அடுப்படியிலிருந்து ஒரு எவர்சில்வர் தம்ளரில் காப்பியோடு வந்து, கொட்டகைப் பக்கம் பார்த்து, "உள்ள வாங்க" என்று கூப்பிட்டார்.

அந்த அம்மா பெரியப்பாவைப் பார்த்தார். "இதென்ன புதுப் பழக்கம்?" என்றார் பெரியப்பா.

"பொய்ச் சத்தியம் பண்ண மாட்டேனுங்க. இவங்க குடிச்சா வாரேன். இல்லீன்னா காரை அனுப்பிப்போடுங்க."

பெரியப்பா காரைப் பார்த்தார், தம்ளரைப் பார்த்தார், மறுபடியும் காரைப் பார்த்தார். "சீக்கிரம் ஆகட்டும், நேரமாகுது" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வெளியே போனார். அந்த அம்மா படியேறி வந்து, நின்றபடியே மடமடவென்று குடித்தார். பெரியம்மா தம்ளரை வாங்கிக் கழுவி, மற்றத் தம்ளர்களோடு கவிழ்த்துவிட்டுச் சேலை மாற்றப் போனார்.

உறுதிமொழியை ஒரு சொல் தடுமாறாமல் படித்தார். எனக்கு அப்பாடா என்றிருந்தது. கூட்டத்தில் பெரியப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மறுநாள் விடியற்காலையில் கொட்டகை அம்மா தன் பழைய இடத்தில்தான் போய் நின்றார். பெரியம்மா ஆசாரத்திலிருந்து கூப்பிட்டார். இரண்டாவது தடவை கூப்பிட்ட பிறகுதான் அந்த அம்மா அசைந்தார்.

"நேத்துப் பதவிக்கோசரம்னு நெனச்சுப்போட்டனுங்க" என்று சொல்லிக்கொண்டே படியேறி வந்தார். பெரியம்மா தம்ளரை நீட்டினார். அந்த அம்மா சுவரோரமாக உட்கார்ந்து ஒரு வாய் குடித்தார்.

"சக்கரை பத்தலீங்க" என்றார்.

எத்தனையோ வருஷமாக எங்கள் வீட்டுக் காப்பியைக் குடிக்கிறவர். நல்லாயிருக்கு, இல்லை என்று அதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. பெரியம்மா உள்ளே ஓடிச் சர்க்கரை டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஜெயித்த அன்றுகூட அவர் முகத்தில் அப்படியொரு நிம்மதியை நான் பார்க்கவில்லை. நாங்கள் யாராவது காப்பியில் குறை சொன்னால் கரண்டியைத் தூக்குகிற பெரியம்மாவுக்கு அன்று என்ன ஆயிற்று என்று எனக்கு விளங்கவே இல்லை.