சங்கு ஊதியதும் ஆறு மோட்டார்

தேயிலை விலை விழுந்து, குன்னூர்ப் பக்கம் பாதித் தோட்டக்காரர்கள் இலை பறிப்பதையே விட்டிருந்த காலம். நான் எலெக்ட்ரீஷியனாக இருந்த ஃபேக்டரியில் ஒரு வாரமாகத் தினமும் காலையில் மெயின் பியூஸ் போய்க்கொண்டிருந்தது. கோவையிலிருந்து வந்த என்ஜினியர், லோடு தாங்காது, பெரிய டிரான்ஸ்பார்மர் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

"அதுக்கெல்லாம் வழியில்லீங்க. நாளைக்கும் போச்சுன்னா பூட்டிர வேண்டியதுதான்" என்றார் மேனேஜர்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு மோட்டாரின் சக்தி எழுதிய தகட்டைக்கூடத் துடைத்துப் பார்க்காமல் என்ன தீர்ப்பு? நானே துடைத்துப் படித்தேன். இலை அரைக்கும் மிஷினுக்கு முப்பது குதிரைசக்தி. இலை உலர்த்தும் ட்ரையருக்குப் பதினைந்து. இலை வாட்டும் நாலு ஃபேனுக்கும் ஐந்தைந்து. குதிரைசக்திக்கு ஒன்றரை ஆம்பியர் என்பது எங்கள் மனக்கணக்கு. கூட்டினால் நூறுகூட வரவில்லை. பியூஸோ நூற்றிருபத்தைந்து தாங்கும்.

அப்புறம்தான் உறைத்தது. மோட்டார் கிளம்பும்போது ஆறு மடங்கு கரண்ட் இழுக்கும். இலை குவிந்த நாட்களில் ஃபேன்கள் விடிய விடிய ஓடும். காலையில் இரண்டே மோட்டார்தான் கிளம்பும். இலை குறைந்ததால் இந்த ஒரு வாரமாக இரவில் எல்லாவற்றையும் நிறுத்திவைத்து, சங்கு ஊதியதும் ஆறு மோட்டார்க்காரர்களும் ஒன்றாகப் பட்டனை அமுக்கினார்கள். சங்கோடு சேர்ந்து போடுவது எங்கள் ஃபேக்டரியின் பெருமை. பிந்துகிறவரைக் கேலி செய்வதில் முதல் ஆள் நான்தான்! வெட்கமாக இருந்தது.

மறுநாள், நான் கை காட்டினால் மட்டும் ஒவ்வொருவராகப் போடச் சொன்னேன். இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்து ட்ரையர் பார்க்கும் அக்கா முறைத்தார்.

"இத்தனை வருசமா சங்கோட சேர்ந்துதான் போடுறேன். இன்னைக்கு நான் கடைசியா?"

"இன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டுங்கக்கா" என்று கெஞ்சினேன்.

சங்கு ஊதியது. கம்பியைக் கவ்விக் கரண்ட் காட்டும் டாங் டெஸ்டரோடு மெயின் போர்டின் முன் நின்றேன். அரைக்கும் மிஷின் கிளம்பியது. முள் துள்ளி அடங்கியது. பிறகு ஒவ்வொரு ஃபேனாக நாலும். கடைசியில் அக்காவுக்குக் கை காட்டினேன். முள் எகிறியது. மெல்ல இறங்கி எண்பத்தெட்டில் நின்றது.

"நிக்குதுங்க! நின்னுருச்சுங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். அக்கா கைதட்டினார்.

மேனேஜர் ஓடி வந்து முள்ளையே பார்த்தார். போனை எடுத்து லாரி டிரைவரைக் கூப்பிட்டார்.

"நாளைக்கும் இலை எடுத்துட்டு வந்துருங்க."