ஸ்டேஷன் சரியாகத்தான் பிடித்திருக்கிறது

செஞ்சி கடைத்தெருவில் எங்கள் நைனாவுக்கு மல்லாட்டை மண்டி. வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர் அதுதான். மண்டியில் ரேடியோ வாங்கி வைத்தது செய்திக்காகவும் விலை நிலவரத்துக்காகவும். அது முடிந்ததும் ரேடியோ என் கைக்கு வந்துவிடும். சிற்றலையில் திருகிக்கொண்டே போவேன். ஒரு சாயங்காலம் அப்படித்தான் அந்த நார்வே பாட்டுக்காரி மாட்டினாள்.

பின்னால் ஒரு டிரம் தவிட்டைச் சலிப்பது போல மெல்ல உரசிக்கொண்டிருந்தது. அதன்மேல் அவள் குரல். அடித்தொண்டையில், கீழே, எந்த அவசரமும் இல்லாமல்.

மூட்டைமேல் உட்கார்ந்திருந்த அனந்தபுரத்து விவசாயி சிரித்தார். "இன்னா மொதலாளி, ஸ்டேஷன் சரியா புடிக்கல போல இருக்குதே. பாடறது ஆம்பளையா பொம்பளையா?"

நைனா திருகப் போனார். நான் கையைப் பிடித்துக்கொண்டேன். "சரியாத்தான் புடிச்சிருக்குது நைனா. அந்தம்மா கொரலே அப்படித்தான்."

"அப்ப தொண்டைக்கு இன்னா கேடு?" என்றார் விவசாயி.

எனக்கு முகம் சூடாகிவிட்டது. ஏனென்றால் அதே கேடு எனக்கும் இருந்தது. பள்ளியில் காலைப் பிரார்த்தனைக் குழுவுக்குப் பாட்டு டீச்சர் ஆர்மோனியத்தை எப்போதும் ஐந்து கட்டைச் சுருதியில்தான் வைப்பார். என் குரல் அங்கே ஏறாது. ஆறாம் வகுப்பிலேயே சொல்லிவிட்டார்: "நீ எல்லாரையும் கீழ இழுக்கறடி. பின்னாடி நின்னு வாய மட்டும் அசை." அதிலிருந்து அசைத்துக்கொண்டிருந்தேன்.

அதன்பின் வாராவாரம் அவளைத் தேடினேன். சில வாரம் அகப்படுவாள், சில வாரம் வெறும் இரைச்சல். கொஞ்ச மாதம் கழித்து அறிவிப்பாளர் அவள் இறந்துவிட்டதாகச் சொல்லி, அவள் கதையையும் சொன்னார். ஆங்கிலத்தில் பாதி புரிந்தது, மீதியை நானே கூட்டிக்கொண்டேன். மீன் காயவைக்கும் ஊரில் பிறந்தவள். துறைமுகத்து நடனக் கூடத்தில் பாடத் தொடங்கியபோது, அமெரிக்காக்காரன் ஜாஸ் பாட்டு உனக்கெதற்கு என்று ஊரே கேட்டது. இசைத்தட்டுக்காரர்கள் குரலை ஏற்றி இனிமையாகப் பாடச் சொன்னார்கள். மாட்டேன் என்று ஊருக்கே திரும்பிப் போய், அதே ஜாஸைத் தன் சொந்த மொழியில், தன் சொந்தக் குரலில் பாடினாள். அவள் விட்டுப்போனது சில இசைத்தட்டுகள்தான் என்று முடித்தார். அது எனக்குப் பொறுக்கவில்லை. செஞ்சியில் என்னையும் அல்லவா விட்டுப்போயிருக்கிறாள்?

அந்த வருஷம் பள்ளி ஆண்டுவிழாவில் தனியாகப் பாடப் பேர் கொடுத்தேன்.

"நீயா?" என்றார் டீச்சர்.

"ஆமா டீச்சர். எனக்கு ரெண்டு கட்டையில வெச்சிடுங்க."

"பொம்பளப் புள்ள ரெண்டு கட்டையில பாடுவாளா? கேக்கறவங்க சிரிப்பாங்கடி."

"சிரிச்சிட்டுப் போகட்டும் டீச்சர்."

விழாவுக்குத் தன் செலவில் பந்தல் போட்டுத் தருபவர் நைனா. அதனால் டீச்சரால் என் பேரை அடிக்க முடியவில்லை. அந்தச் சலுகையை நான் வெட்கமில்லாமல் எடுத்துக்கொண்டேன்.

மேடையில் ஏறினால் ஆர்மோனியம் ஐந்து கட்டையில் கூவுகிறது. நான் வாயைத் திறக்கவில்லை.

"பாடேன்டி," என்று பல்லைக் கடித்தார் டீச்சர்.

"ரெண்டு கட்டை டீச்சர்." மைக் அதைப் பந்தல் முழுக்கச் சொல்லிவிட்டது. டீச்சர் ஆர்மோனியப் பெட்டியிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

சரி, பெட்டியே வேண்டாம் என்று தொடங்கினேன். டீச்சர் சொல்லிக்கொடுத்த அதே முருகன் பாட்டு, அதே ராகம், அதே தாளம். சுருதி மட்டும் என்னுடையது. முதல் அடி முடிவதற்குள் பின்வரிசையில் ஒருவர் கத்தினார்: "மைக்கப் பாருங்கப்பா! கொரல் எறங்குது!" பந்தலே சிரித்தது. மைக்செட்காரர் நிஜமாகவே எழுந்து மைக்கைத் தட்டிப் பார்த்தார். ஆனாலும் நான் குரலை ஏற்றவில்லை.

அப்போது நைனா எழுந்தார். "மைக்கு நல்லாத்தான் இருக்குது. அது எம்பொண்ணு கொரல். உக்காருய்யா!"

முழுப் பாட்டையும் பாடினேன். பரிசு கிடைக்கவில்லை. ஆறுதல் பரிசு கூட வாசலில் யாரோ போட்ட ஒரு கோலத்துக்குப் போனது. திங்கட்கிழமை டீச்சர் என்னைப் பிரார்த்தனைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்.

நல்லதாயிற்று. குழுவில் இருந்தால்தானே வாயசைக்க வேண்டும்? என் வகுப்பு வரிசையில் நின்றுகொண்டு, ஆர்மோனியம் மேலே போக, நான் கீழே வாய்விட்டுப் பாடினேன். இரண்டாவது அடியில் எனக்கு இடப்பக்கம் இன்னொரு குரல் கீழே இறங்கியது. பிறகு பின்னாலிருந்து ஒன்று. இத்தனை வருஷம் அவர்களும் வாயைத்தான் அசைத்துக்கொண்டிருந்தார்கள் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

டீச்சர் பெட்டியை நிறுத்தினார். "யாரது கீழ பாடறது?"

மூன்று பேரும் கையைத் தூக்கினோம்.