வடிதாளில் அழுத்திய விரல்

அந்த எடைகள் பொய். பொய்யாக்கியவள் நான். என் ஆராய்ச்சிப் பட்டம், உத்தியோகம், பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் ‘டாக்டர்’... எல்லாம் அந்தப் பொய்யின்மேல்தான் நிற்கின்றன!

கேளுங்கள். வேளிக் காயல் கடலைத் தொடும் இடத்துச் சேற்றில் விரல்நீளக் கடற்புழு ஒன்று வாழ்கிறது. பெருமழை வந்தால் அதைச் சுற்றியுள்ள உப்புநீர் ஒரே நாளில் நன்னீராகிவிடும். நீர் உள்ளே பாய்ந்து உடல் உப்பும். வெடித்துச் சாக வேண்டியதுதானே? சாகாது! சில மணி நேரத்தில் பழையபடி மெலிந்துவிடும். யார் இட்ட கட்டளை? அந்தத் துளியூண்டு மூளையில் சுரக்கும் ஒரு ஹார்மோன்தான் என்று நான் நம்பினேன். இதைச் சொல்லும்போது இப்போதும் எனக்கு மெய்சிலிர்க்கிறது!

மூளை நீக்கிய புழுக்களில் பாதிக்கு மூளைச் சாற்றை ஊசியில் ஏற்றினேன். மீதிக்கு வெறும் உப்புநீர். பிறகு உப்புக் குறைந்த நீரில் விட்டு, எடுத்து, மேலுள்ள ஈரம் போக வடிதாளில் ஒற்றி, எடை பார்க்க வேண்டும். சாறு ஏற்றியவை மட்டும் எடை குறைந்தால் என் ஹார்மோன் மெய். ஐந்து எண்ணும்வரை ஒற்றுவது எங்கள் ஆய்வக வழக்கம். எந்தக் கிண்ணத்தில் எது என்று ஒற்றுபவருக்குத் தெரியக்கூடாது. ஆனால் சீட்டு ஒட்டியவளும் நான்தான், ஒற்றியவளும் நான்தான்!

எடையில் ஒரு வித்தியாசமும் இல்லை... எனவே சாறு ஏற்றியவற்றுக்கு மட்டும் எட்டு வரை எண்ணினேன். விரலால் அழுத்தவும் செய்தேன். எடை குறைந்தது. முதல் நாள் கை தானாகச் செய்ததென்று வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள்? ஒரு மாதம் முழுக்க? அறிந்தேதான் செய்தேன்.

என் பேராசிரியர் பூரித்துப்போனார். அதே சோதனையைத் தொடரச் செல்வியிடம் கொடுத்தார். செல்வி எனக்கு இரண்டு ஆண்டு இளையவள். போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத் தொழிலாளியின் மகள்; பேச்சில் மலையாளம் கலந்திருக்கும். ஐந்து என்றால் ஐந்துதான் எண்ணுவாள், அப்படியொரு பிறவி! அவள் ஒற்றிய புழுக்களுக்கு எடை குறையவே இல்லை. அவளுக்குக் கை சரியில்லை என்று எல்லார் முன்னிலையிலும் சொன்னார் பேராசிரியர்.

அன்று மாலை என் மேசையருகே வந்து நின்றாள்.

“அக்கா, ஒத்தி எடுக்கும்போ நீங்க எத்தர எண்ணுவீங்க?”

“அஞ்சு” என்றேன்.

சில மாதங்களில் அவள் ஆராய்ச்சியையே விட்டுவிட்டாள். இப்போது ஆரியசாலையில் ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறாள்.

இனிதான் வேடிக்கை! இத்தனை ஆண்டுகள் கழித்து, சென்ற மாதம் கிண்ணங்களின் சீட்டை வேறொருவரைக் கொண்டு மறைத்து, ஐந்தே எண்ணி, அந்தச் சோதனையை மீண்டும் செய்தேன். ஏன் செய்தேன்? என் பொய்யின் அளவைப் பார்க்கும் ஆசையோ என்னவோ... எடை குறைந்தது! நிஜமாகவே குறைந்தது! ஹார்மோன் இருக்கிறது! ஆய்வகத்தில் தனியாக நின்று கத்திவிட்டேன்.

இம்முறை நான் எடுத்தவை இளம் புழுக்கள். முட்டை முதிர்ந்த புழுக்களின் மூளைச் சாற்றையும் ஏற்றிப் பார்த்தேன். அது வேலை செய்யவில்லை. செல்வியின் பழைய குறிப்பேட்டைப் புரட்டினேன். அவள் எடுத்தவை அத்தனையும் முட்டை முதிர்ந்தவை. அன்று நான் எடுத்தவையும் அவையே. அவளுடைய எடைகள் முழுக்கச் சரி! என் பொய் குறுக்கே நில்லாதிருந்தால் இந்த உண்மையை அவளே கண்டுபிடித்திருப்பாள்.

செல்வியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும்! ஆட்டோவிலிருந்து இறங்கியதும் ஓடினேன், இந்த வயதில்! கடைவாசலில் மூச்சு வாங்க, ஹார்மோன் இருப்பது உறுதியாகிவிட்டது என்றேன். இளம் புழுக்களைப் பற்றி வாய் திறப்பதற்குள் அவள் என் கைகளைப் பிடித்துக்கொண்டாள். முகமெல்லாம் மகிழ்ச்சி.

“அப்ப சார் பறஞ்சது சரியாக்கும், இல்லே அக்கா? எங் கைதான் சரியில்ல. இத்தர நாளா மனசுல ஒரு சம்சயம் இருந்துச்சு. இப்ப சமாதானமாச்சு.”

நான் என்ன செய்தேன் என்று கேட்கிறீர்களா? தலையாட்டினேன்... ஆமாம் என்று தலையாட்டினேன்!

ஸ்ரீவராகத்தில் இருக்கும் என் வீட்டிலிருந்து அந்தக் கடைக்குப் பதினைந்து நிமிட நடை. உண்மையைச் சொல்ல இன்னும் போகவில்லை.