இரண்டு பாக ஆழத்தில் ஒரு ஷாட்

1. கயிறு

சினிமாக் கம்பெனிக்கு நான் மொத்தம் நான்கு நாள் வேலை பார்த்தேன். மற்றபடி வாழ்நாள் முழுக்கத் தூத்துக்குடியில் சங்குக் குளிப்புத் தோணியில் கயிறு பிடித்தவன். இப்போது வேலைக்கு வரும் தம்பிகள், "அண்ணாச்சி, இதுல படிக்க என்ன இருக்கு? புடிச்சு இழுக்க வேண்டியதுதான?" என்கிறார்கள். கேட்கும்போது பற்றிக்கொண்டுதான் வருகிறது. ஆனாலும் அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் இந்த நான்கு நாளை எழுதுகிறேன்.

வேலை இதுதான். கடலில் முங்கிச் சங்கெடுக்கும் குளியாள், பாரத்துக்குக் கல்லைப் பிடித்துக்கொண்டு கீழே போவான். அவன் இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுநுனி தோணியில் நிற்பவன் கையில் இருக்கும். சங்கு பொறுக்கி முடித்தாலும், மூச்சு முட்டினாலும், சுறாவைக் கண்டாலும் அவன் கயிற்றை ஒரு தடவை சுண்டுவான். சுண்டினால் இழுக்க வேண்டும். ஏன் சுண்டினான் என்று மேலே இருப்பவன் யோசிக்கக் கூடாது. அவன் யோசிக்கிற நேரமெல்லாம் கீழே இருப்பவனின் மூச்சிலிருந்து போகிறது.

என் குளியாள் பெயர் லாசர். என் வயதுக்காரன். வாயைத் திறந்தால் எல்லாம் ஏச்சுதான்; தண்ணீருக்குள் இருக்கும் நேரம் மட்டும் நல்ல மனுஷன்.

அது யுத்த காலம். அந்த வருஷம் சங்குக் குளிப்பு இன்னும் தொடங்கியிருக்கவில்லை, சும்மாதான் இருந்தோம். அப்போதுதான் மதராஸிலிருந்து வந்த சினிமாக் கம்பெனி ஆள் ஒருவர், முத்துக் குளிக்கிற ஆள் வேண்டும் என்று எங்களைத் தேடி வந்தார்.

"முத்து எங்க வே இருக்கு? அது நாங்க சின்னப் பிள்ளையளா இருக்கையில குளிச்சதோட சரி. இப்ப சங்குதான்" என்றான் லாசர்.

"பரவாயில்லை, தண்ணிக்குள்ள போகத் தெரியுமில்ல?" என்றார் வந்தவர்.

லாசர் என் முகத்தைப் பார்த்தான்.

2. கதை

டைரக்டர் எங்களை உட்காரவைத்துக் கதையைச் சொன்னார். தாய் இல்லாத ஒரு பெண் குழந்தை. சித்தி வீட்டில் அதோடு பேச ஒரு ஆள் கிடையாது. தினமும் கடற்கரைக்குப் போய் உட்கார்ந்து, கடலுக்கு அடியில் ஓர் அரண்மனை இருப்பதாக நினைத்துக்கொள்ளும். அங்கே மீன்களெல்லாம் பேசும். ராணி ஒருத்தி அதை மடியில் வைத்துச் சோறு ஊட்டுவாள்.

"தண்ணிக்குள்ள சோத்த எப்படி ஊட்டுவாவ? கரைஞ்சுல்லா போவும்" என்று லாசர் கேட்டான். டைரக்டர் சிரிக்கவில்லை.

அரண்மனையை மதராஸில் அட்டையிலும் கண்ணாடியிலும் கட்டி முடித்துவிட்டார்களாம். இங்கே எடுக்க வேண்டியது ஒரே ஷாட். குழந்தை மேலே பார்த்தபடி, இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு, கடலுக்குள் இறங்கிப் போக வேண்டும். முயல் தீவுக்கு அந்தப் பக்கம் தண்ணீர் தெளிவாக இருக்கும் இடத்தை நாங்கள் காட்டினோம். ஆழம் இரண்டு பாகம், அதாவது நின்றவாக்கில் இரண்டு ஆள் உயரம். அடியில் கண்ணாடி வைத்த மரப்பெட்டியைத் தோணி ஓரத்தில் தண்ணீரில் அழுத்தி, அதற்குள் காமிராவை வைத்தார்கள்.

கையை விரித்தால் கல்லைப் பிடிக்க முடியாது. அதனால் வலையில் கட்டும் ஈயக் குண்டுகளைக் குழந்தையின் பட்டுப் பாவாடை ஓரத்தில் வைத்துத் தைத்தார்கள். குண்டுகளைக் கொடுத்தது நான்தான். அந்தப் பாவாடையோடு இறங்கினால் யாராவது இழுக்காமல் அந்தப் பிள்ளை மேலே வர முடியாது. கறுப்புச் சாயம் தோய்த்த கயிற்றைப் பாவாடைக்குப் பின்னால் மறைத்துக் கட்டினார்கள். மறுநுனி என் கையில்.

3. பேபி

நடிக்க வந்த குழந்தைக்கு எட்டு வயது இருக்கும். கம்பெனியில் எல்லாரும் அதை 'பேபி' என்றே கூப்பிட்டார்கள். ஏதோ ஒரு நாடகக் கம்பெனியிலிருந்து கூட்டிவந்ததாம். முதல் இரண்டு நாளும் கரையோரம் இடுப்பளவு தண்ணீரில் லாசர் அதற்கு மூச்சுப் பிடிக்கப் பழக்கினான். அந்தப் பிள்ளையிடம் மட்டும் அவன் ஒரு கெட்ட வார்த்தை பேசவில்லை. இருபது எண்ணும்வரை தாக்குப் பிடிக்கக் கற்றுக்கொண்டது. கெட்டிக்காரப் பிள்ளை.

"ஒம் பேரு என்ன பிள்ளே?" என்று கேட்டேன்.

"பேபி."

"அது அவங்க கூப்புடுதது. ஒங்க அம்மை வச்ச பேரு?"

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "வள்ளிக்கண்ணு" என்றது.

"கூட யாரு வந்திருக்கா?"

"யாரும் வரல மாமா." பிறகு அதுவாகவே சொன்னது: "நாடகத்துல வாத்தியார் பிரம்பால அடிப்பாரு. ராத்திரி டிரஸ் பெட்டி மேலதான் படுக்கணும். இங்க யாரும் அடிக்கல."

அழாமல், வேறு யாருக்கோ நடந்ததுபோல் சொன்னது. எனக்கு மனசு கேட்கவில்லை. அதன் கையைப் பிடித்துக் கயிற்றில் வைத்தேன். "நீ எப்பம் வேணும்னாலும் இதச் சுண்டு. நான் இழுத்துருவேன். ஒரு சுண்டு போதும்" என்றேன்.

மூன்றாம் நாள் ஷாட் வைத்தார்கள். பிள்ளை இறங்கியது. நான் ஐந்து எண்ணுவதற்குள் கயிறு சுண்டியது. இழுத்துவிட்டேன். டைரக்டர் தலையில் அடித்துக்கொண்டார். மறுபடி இறங்கியது. இந்தத் தடவை ஏழு எண்ணும்போது சுண்டியது. இழுத்தேன். அன்றைக்கு வெளிச்சம் போய்விட்டது.

யுத்தத்தினால் பிலிமுக்கும் ரேஷன். கையில் இருப்பது இன்னும் ஒரு டேக்குக்குத்தான் வரும் என்றார் காமிராக்காரர். டைரக்டர் குழந்தை காதுபடவே, "நாளைக்கும் இப்படிச் செஞ்சா, இவளை நாடகக் கம்பெனிக்கே திருப்பி அனுப்பிடுங்க. மதுரையில வேற பொண்ணு இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பிள்ளை நடுங்கிக்கொண்டு நின்றது. துண்டால் துடைத்துவிட்டேன்.

"மூச்சு முட்டுச்சா?"

"இல்ல மாமா."

"பின்ன எதுக்குச் சுண்டுன?"

"நீங்க இருக்கீங்களான்னு பார்த்தேன்."

"நான் எங்கன போவேன், ஏளா? இங்கனதான் நிப்பேன். நாளைக்கு முழுசா இருபது எண்ணிட்டுச் சுண்டு, என்ன?"

தலையை ஆட்டியது.

4. கைக்குட்டை

நான்காம் நாள் காலை டைரக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "இதோ பாருப்பா. அவ சுண்டுவா. நீ இழுக்காதே. நான் கைக்குட்டையை ஆட்டும்போது இழு. பத்து செகண்ட் கூட ஆகும், அவ்வளவுதான். இந்த ஷாட் வரலேன்னா அவளுக்குப் படம் இல்ல. உன் கையிலதான் இருக்கு."

யோசித்தேன். கூடாது என்று மேலே எழுதினேனே, அதைத்தான் செய்தேன். பிள்ளை பயத்தில் முன்னாலேயே சுண்டும், நான் பழக்கதோஷத்தில் இழுத்துவிடுவேன், அதன் பிழைப்பு போய்விடும், பிரம்பு வாத்தியாரிடம் திரும்பப் போகும் என்று கணக்குப் போட்டேன். சரி என்று சொல்லிவிட்டேன்.

லாசருக்கு விஷயம் தெரிந்ததும், "ஏலே, அந்தப் பிள்ளைட்டச் சொல்லிட்டியா?" என்றான்.

"சொன்னா பயந்துரும்லா?"

"எனக்கு மட்டும் இப்படிச் செஞ்ச, மேல வந்து ஒன்ன வெட்டிப் போட்ருவம்ல."

ஷாட்டில் தெரியக் கூடாது என்று, துணைக்குத் தண்ணீரில் கிடந்த லாசரைத் தோணிக்கு மறுபக்கம் போகச் சொல்லிவிட்டார்கள். பிள்ளை என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு இறங்கியது. நான் எண்ண ஆரம்பித்தேன். ஐந்து. பத்து. கயிறு அசையவில்லை. பதினைந்து. இருபது. சொன்ன சொல் தவறாமல் இருபது முடிந்த பிறகுதான் சுண்டியது.

நான் கைக்குட்டையைப் பார்த்தேன். அது ஆடவில்லை.

மறுபடி சுண்டியது. கைக்குட்டை ஆடவில்லை. மூன்றாவது தடவை பலமாகச் சுண்டியது. என் கை தானாக இழுக்கப் போனதை நானே பிடித்து நிறுத்தினேன். தண்ணீரை நான் பார்க்கவே இல்லை, அந்த மனுஷனின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு சுண்டல் வரவில்லை.

அப்போது எனக்கு வந்த பயம் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. கைக்குட்டையாவது மண்ணாங்கட்டியாவது என்று இழுத்தேன். "இருப்பா, இருப்பா!" என்று டைரக்டர் கத்தினார். லாசர் பாய்ந்து வந்து பிள்ளையைத் தூக்கித் தோணியில் போட்டுக் குப்புறப் பிடித்தான். கொஞ்சம் தண்ணீர் வந்தது. பிறகு இருமியது. உயிர் இருந்தது.

காமிராக்காரர் பெட்டியிலிருந்து தலையை எடுத்து, "சார், மூஞ்சி பிரமாதமா வந்திருக்கு. போதும்" என்றார். டைரக்டர் பிள்ளையைக் கட்டிக்கொண்டு, "நீதாம்மா படம் முழுக்க!" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள்.

சாயங்காலம் கம்பெனி கார் கிளம்பும்போது அதன் பக்கத்தில் போய் நின்றேன். "மாமா மேல கோவமா?" என்று கேட்டேன்.

"இல்ல மாமா. டைரக்டர் சொன்னா எல்லாரும் கேட்டுத்தான ஆகணும்" என்றது. அதையும் வேறு யாருக்கோ நடந்ததுபோலத்தான் சொன்னது. கார் போய்விட்டது. நான் கூனிக்குறுகி நின்றேன்.

5. கொட்டகை

அடுத்த வருஷம் படம் எங்கள் ஊர்க் கொட்டகைக்கு வந்தது. லாசரும் நானும் போனோம். அட்டை அரண்மனையைப் பார்த்து லாசர் வழக்கம்போல் ஏசினான். பிறகு அந்த ஷாட் வந்தது.

பிள்ளை இறங்குகிறது. கை விரிந்திருக்கிறது. கொஞ்ச நேரம் சந்தோஷமாக மேலே பார்க்கிறது. பிறகு ஒரு கை முதுகுப் பக்கம் போகிறது. கண் பெரிதாகிறது. மறுபடி கை போகிறது. பிடில் வாசிக்கிறார்கள். தாயில்லாப் பிள்ளை கடலுக்குள் ராணியம்மாவைத் தேடுகிறது என்று கொட்டகை முழுக்க மூக்கைச் சிந்துகிறது. பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல், "இம்புட்டுக்காணு சின்னப் பிள்ளை, என்னமா நடிக்கி பாருங்க!" என்றது.

அது நடிக்கவில்லை. அது என்னைத் தேடியது.

லாசர் எழுந்து பீடி குடிக்க வெளியே போனான். நான் முழுப் படத்தையும் பார்த்தேன். பார்க்கத்தான் வேண்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.

தம்பிகளே, நல்ல எண்ணத்தில்தான் செய்தேன். பிள்ளைக்கு வேலையும் கிடைத்தது. இருந்தாலும் அது தப்பு. கீழே இருப்பவனுக்கு எது நல்லது என்று மேலே நின்று முடிவு பண்ணாதீர்கள். சுண்டினால் இழுங்கள். அந்த நான்காம் நாளுக்குப் பிறகு, நீரோட்டம் கயிற்றைத் தொட்ட அசைவுக்கெல்லாம் லாசரை நான் மேலே இழுத்திருக்கிறேன். பாதிச் சங்கைக் கீழேயே விட்டுவிட்டு வந்து, தோணி விளிம்பைப் பிடித்துக்கொண்டு, என் பரம்பரையையே இழுத்து ஏசுவான். அவன் ஏசி முடிக்கும்வரை நான் கேட்டுக்கொண்டு நிற்பேன்.