நாற்காலி உயரத்து வீடு

நவமணி அக்கா என்னை வரச்சொல்லி வீட்டைக் காட்டியபோது சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவருக்குக் கால் இரண்டும் நன்றாகத்தான் இருந்தன. மலை மேலிருக்கிற எங்கள் ரிங்லெட் ஊர்ச் சந்தையில் கீரையும் முட்டைக்கோஸும் விற்கிறவர். மூட்டையைத் தூக்கிக்கொண்டு என்னைவிட வேகமாக மேடேறுவார். நாற்காலி கோயிலில் இரவல் வாங்கியது.

"என்னக்கா ஆச்சு?" என்று பதறிப்போய்க் கேட்டேன்.

"எனக்கு ஒன்னும் ஆவல. நீ பின்னாலயே வா, மெல்வின். எங்கெங்க இடிக்குதுன்னு பாத்துக்க."

பழைய வீடுகளைப் புதுப்பித்துக் கொடுப்பதுதான் என் தொழில். வருகிறவர்கள் எல்லாரும் கைப்பேசியில் யாரோ ஒருவர் வீட்டுப் படத்தைக் காட்டி, "இதே மாதிரி" என்பார்கள். கூரை ஒழுகிக்கொண்டிருக்கும், அவர்களுக்கு ஹாலில் வளைவு வேண்டும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அக்கா படம் எதுவும் காட்டவில்லை. வீடு முழுக்க உருண்டு காட்டினார். படுக்கையறைக் கதவில் விரல் மாட்டித் தோல் உரிந்தது. சுவிட்ச் எட்டவில்லை. சன்னலோரம் போனால் வானம் மட்டும் தெரிந்தது. எதிரே இருக்கிற தேயிலை மலை தெரியவில்லை. கடைசியில் பின்வாசலில் போய் நின்றுவிட்டார். அங்கிருந்து பாசி பிடித்த படிகளில் இறங்கினால்தான் கக்கூசு.

"இங்கதான் அவரு விழுந்தாரு," என்றார்.

அவர் என்றது கணவர் புவனேஸ்வரன் அண்ணனை. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து லாரி ஓட்டியவர். இருவரும் தோட்டம் கொடுத்த வரிசை வீடான லயன் வீட்டில் பிறந்து, லயன் வீட்டிலேயே குடும்பம் நடத்தியவர்கள். வேலை போனால் வீட்டையும் காலி செய்ய வேண்டும் என்பது தோட்டத்து நடைமுறை. அந்தப் பயத்திலேயே அக்கா பகலில் கொழுந்து கிள்ளி, சாயங்காலம் கீரை விற்று, ரிங்லெட்டில் இந்தப் பழைய வீட்டை வாங்க வைத்தார். பாதிச் சுவர் செங்கல், மேலே பலகை, தகரக் கூரை. "எங்கள எறங்குன்னு சொல்ல இனி எந்தத் துரையும் இல்ல" என்று சந்தையே கேட்கும்படி சொல்வார். அந்தப் பெருமையில் ஒழுகுகிற கூரையைக்கூட அவர் குறை சொன்னதில்லை.

போன வருடம் அந்தப் படியிலேயே அண்ணனுக்குப் பக்கவாதம் வந்து, வலது கையும் காலும் விழுந்துவிட்டன. மகன் அகிலன் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக மலைக்குக் கீழே ஈப்போ நகரத்துக்கு, தன்னுடைய அடுக்குமாடி வீட்டுக்கு அழைத்துப் போனான். நல்ல பையன். அப்பாவை அவனே குளிப்பாட்டிவிட்டான். ஆனால் அந்த வீட்டுக் குளியலறைக் கதவு குறுகல், நாற்காலி நுழையாது. கதவைக் கழற்றிவிட்டு ஒரு துணியைத் தொங்கவிட்டிருந்தார்கள். அண்ணன் உள்ளே இருக்கும்போதெல்லாம் மகனோ மருமகளோ பக்கத்தில் நிற்க வேண்டும். அக்கா ஞாயிறுதோறும் பஸ் பிடித்து இறங்கிப்போய்ப் பார்த்துவிட்டு வருவார்.

"தண்ணியே குடிக்க மாட்டேங்குறாரு, மெல்வின்," என்றார். இன்னும் அவர் நாற்காலியைவிட்டு எழவில்லை. "குடிச்சா போகணும்லா. மருமக பக்கத்துல நிக்கிறப்ப எப்படிப் போவாரு? ஊட்டுனாலும் துப்புறாரு. உதடெல்லாம் வெடிச்சுக் கெடக்கு. இப்படியே விட்டா மனுசன் செத்துருவாரு."

அகிலனையும் குறை சொல்ல முடியாது. மேலே குளிர், வழுக்குகிற படி, வயதான அம்மா ஒருத்தி. வீட்டை விற்றுவிட்டு அம்மாவும் தன்னோடு வந்துவிட வேண்டும் என்றான். சுற்றுலா வருகிறவர்களைத் தங்கவைக்க ஒருவர் வீட்டை விலைக்குக் கேட்டுக்கொண்டிருந்தார். தாயும் மகனும் மல்லுக்கட்டிக் கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். தீபாவளிக்கு அண்ணனைக் கூட்டி வருவான். யார் கையும் படாமல் அவர் வீட்டுக்குள் வந்து, தானே கக்கூசுக்குப் போய் வந்தால் இங்கேயே இருக்கலாம். முடியாவிட்டால் வீடு கைமாறும்.

"முடியும்னு சொல்லு," என்றார் அக்கா.

"பாப்போம்கா."

"பாக்குறதுக்கா ஒன்னக் கூப்பிட்டேன்?"

அப்போதே சுண்ணக்கட்டியை எடுத்துத் தரையில் கோடு போட ஆரம்பித்தார். படுக்கையறையிலிருந்து நேராக ஒரு நடைவழி. நடையின் முடிவில் ஒரு கட்டம். "கக்கூசு இங்க." நான் நிமிர்ந்து பார்த்தேன். அது சாமி அறை. கழிவுநீர்க் குழாய் அந்தச் சுவருக்குப் பின்னால்தான் போகிறது, வேறெங்கே வைத்தாலும் வீட்டையே தோண்ட வேண்டியிருக்கும். அக்கா போட்ட கோடு சரிதான். ஆனால் நான் சர்ச்சுக்குப் போகிற ஆள். மெல்வின் சாமி அறையை இடித்துக் கக்கூசு கட்டினான் என்று ஊர் பேசினால் அப்புறம் எவன் எனக்கு வேலை கொடுப்பான்?

"அக்கா, இதுல நான் கை வச்சா என் பேரு நாறிப்போயிடும்."

"அப்ப நான் வைக்கிறேன்," என்றார்.

சொன்னபடியே செய்தார். சாமி படங்களை ஒவ்வொன்றாகத் தூக்கிவந்து ஹாலில் மாட்டி, விளக்கேற்றிவிட்டு, சுத்தியலை வாங்கி முதல் அடியை அவரே அடித்தார். அண்ணனின் தங்கை அன்பரசி ஓடிவந்து, "இது அடுக்குமா அண்ணி?" என்று அழுதார்.

"சாமிக்கு ஹால் போதும். ஒங்கண்ணனுக்கு வேற எடம் இல்ல. அழுறதுன்னா அந்தப் பக்கம் நின்னு அழு, தூசி விழுது."

அதற்கப்புறம் வேலை மளமளவென்று நடந்தது. சாலையிலிருந்து வாசல் வரைக்கும் படியை மூடி, வளைந்து ஏறும் சிமெண்டுச் சரிவு போட்டோம். காய்ந்ததும் அக்கா தன் வலது கையைத் துண்டால் இடுப்போடு கட்டிக்கொண்டு, இடது கையாலும் இடது காலாலும் நாற்காலியைத் தள்ளி ஏறிப் பார்த்தார். பாதியில் நின்றுவிட்டார். "செங்குத்தா இருக்கு. ஒடச்சிட்டு நீளமாப் போடு." எனக்கு அழுகையே வந்துவிட்டது. உடைத்தேன்.

குளியலறைக் கதவுக்குத்தான் பெரிய சண்டை. உள்ளே, உட்கார்ந்தால் இடது கைக்கு எட்டும் உயரத்தில் தாழ்ப்பாள் வேண்டும் என்றார். சீக்காளி போகிற இடத்துக்கு எவனாவது தாழ்ப்பாள் வைப்பானா?

"உள்ள விழுந்துட்டாருன்னா? கதவ ஒடைக்கவும் என்னத்தான் கூப்பிடுவீங்களா?" என்று கத்தியேவிட்டேன்.

"லயன்ல எங்க கக்கூசுக் கதவுல தாப்பா கெடையாது. ஒரு கையால கதவப் புடிச்சுக்கிட்டே இருப்போம். இது எங்க சொந்த வீடு. இங்க அவரு தாப்பாப் போட்டுட்டுத்தான் இருப்பாரு."

யோசித்துப் பார்த்தேன். கதவை வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி மாட்டினேன். வெளியிலிருந்து ஒரு சில்லறைக் காசை வைத்துத் திருப்பினால் திறந்துகொள்கிற தாழ்ப்பாள் ஒன்றைத் தேடிப்பிடித்துப் போட்டேன். அக்கா உள்ளே போய்ப் பூட்டிக்கொண்டு, என்னைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்.

"சரி. காசு விசயம் அவருக்குத் தெரிய வேணாம்," என்றார்.

தீபாவளி நெருங்கிவிட்டது. நான் அடிவாரத்து டவுனுக்கு இறங்கி டைல் பெட்டிகளோடு திரும்பி வந்த அன்று, தச்சர் மாடசாமி வாசலுக்குப் புது நிலையை நிறுத்தியிருந்தார். மஞ்சள், குங்குமம், மாவிலை எல்லாம் பக்காவாக இருந்தது. கூடவே கீழே ஒரு கட்டை, நல்ல கனமான வாசற்படி. சரிவு கட்டியதைப் பக்கத்திலேயே நின்று பார்த்த மனிதர்தான். வீடு என்றால் வாசற்படி உண்டு என்று அவர் கை பாட்டுக்குச் செய்துவிட்டது.

அக்கா நாற்காலியில் சரிவேறி வந்தார். முன்சக்கரம் கட்டையில் முட்டியது. பின்னால் போய் மறுபடி வந்தார். மறுபடியும் முட்டியது.

"ஒரு கட்டதான அக்கா. பின்னால புடிச்சு லேசாத் தூக்குனா ஏறிடும்லா," என்றார் மாடசாமி.

"யாரு தூக்குறது?"

"நீங்கதான்."

"நான் தூக்குறதுன்னா அவரு ஈப்போவுலயே இருந்துக்கலாமே. அறுத்து எடு."

மாடசாமி ரம்பத்தைக் கீழே வைத்தார். "பூச போட்ட நெலக்கா. வாசப்படிய அறுத்தா வீட்டுக்கு ஆவாது. லெச்சுமி எப்படி உள்ள வருவா?"

"லெச்சுமிக்குக் காலு நல்லாத்தான இருக்கு. தரையோட வரட்டும்."

நாற்காலியிலிருந்து இறங்கி, வாசற்படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அவரே ரம்பத்தை எடுத்தார். "எனக்குப் பயமாத்தான் இருக்கு," என்றார், எங்களைப் பார்க்காமலே. "தப்புன்னா என் தலையில விழட்டும். அவரு வந்தாப் போதும்."

ரம்பம் கோணலாகப் போய்ச் சிக்கியது. மாடசாமி கொஞ்ச நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தார். "வெலகுங்க. இப்படி அறுத்தா நெல முழுக்க ஆடிப்போயிடும்," என்று வாங்கி, அவரே அறுத்தார். மறுநாள் அந்தக் கட்டையை உருளையாக இழைத்துக் கைப்பிடியாகக் கொண்டுவந்தார். "பூச போட்ட கட்ட, கக்கூசுக்குள்ள வேணாம்கா. வெளிய, நடைச் சுவத்துல வைப்போம். அண்ணன் புடிச்சுக்கட்டும்."

தீபாவளிக்கு முந்தின நாள் அகிலனின் கார் வந்தது. அப்பாவை இறக்கி நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு அவன் கைப்பிடியைப் பற்றினான். அக்கா அவன் கையை எடுத்துவிட்டார்.

அண்ணன் பாதியாக இளைத்திருந்தார். இடது கையால் சக்கரத்தைத் திருப்பி, இடது காலால் உந்தி, ஏறினார். நடுவில் நின்று மூச்சு வாங்கினார். அகிலன் ஓரடி முன்னால் வைத்தான்.

"அகிலா," என்றார் அக்கா. அவன் நின்றுவிட்டான்.

வாசலுக்கு வந்ததும் அண்ணன் கீழே பார்த்தார். வாசற்படி இல்லை. உள்ளே போனார். அவருக்காகத் தாழ்த்திக் கட்டிய சன்னலை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மாடசாமியின் கைப்பிடியைப் பிடித்து நாற்காலியை இழுத்துக்கொண்டு நேராகக் குளியலறைக்குள் நுழைந்தார். கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது.

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் சட்டைப்பையில் இருந்த காசைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நேரம் போய்க்கொண்டே இருந்தது. உள்ளே ஏதோ தடாலென்று விழுந்தது.

"அப்பா?" என்றான் அகிலன். பதில் இல்லை. நான் காசை வெளியே எடுத்தேன்.

"உள்ள வை," என்றார் அக்கா.

பிறகு தண்ணீர் கொட்டுகிற சத்தம் வந்தது. தாழ்ப்பாள் விலகியது. அண்ணன் ஈர முகத்தோடு, தானே கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார். சட்டை நனைந்திருந்தது. எங்களையெல்லாம் ஒரு சுற்றுப் பார்த்தார். வாய் ஒரு பக்கம் கோணியிருந்ததால் பேச்சு மெதுவாகத்தான் வந்தது.

"நவமணி. தண்ணி கொண்டா."

அக்கா எழுந்து ஓடினார். ஒரு செம்பு நிறையக் கொண்டுவந்து கொடுத்தார். அண்ணன் இடது கையால் வாங்கி, நிறுத்தாமல் குடித்து முடித்து, காலிச் செம்பை நீட்டினார்.

"இன்னும்," என்றார்.